ரயில் ஏறும் முன் ஒரு கடிதம்

மக்ளே,

மலத்தை அடக்க முடியவில்லை, ரயில் ஏறப் பயமாக இருக்கிறது, அதனால் ஓணத்துக்கு வர முடியாது என்று நீ சொன்ன உண்மைக் காரணத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. லீவு கிடைக்கவில்லையாம் என்று முடித்துவிட்டேன். ஆனால் என்னிடம் பாதி சொல்லிவிட்டு, ‘சரி அம்மா, வெச்சிடறேன்’ என்றாயே, மீதியை எழுத்திலேயே பேசிவிடுகிறேன். போனில் என்றால் பக்கத்து அறையில் உன் மாமியார் இருப்பார், உனக்கு வாய் வராது.

வெட்கப்படாதே என்று உபதேசம் செய்யப் போவதில்லை. சொல்லி வெட்கம் போவதாக இருந்தால் என்றோ போயிருக்கும். மார்த்தாண்டத்தில் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்ற காலத்தில், பெரியவர்களுக்கான டயப்பர் வாங்க வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வேன். கடையில் ஆள் குறையும் வரை இருமல் மிட்டாய் விலை விசாரித்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மெதுவாக, ‘வீட்டில பாட்டிக்கு’. பாட்டி இறந்து வருஷங்கள் ஆனவர்களும் அதைத்தான் சொல்வார்கள். நானும் ஒன்றும் கேட்காமல் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். பிரசவம் முடிந்த சின்னப் பெண்கள் அதில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். பெங்களூரில் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்றார், சரி. அவசரமாகப் போகிறது, வயிறு வலிக்கிறது என்று அவரிடம் சொன்னாய். அடக்க முடியாமல் உடையில் பட்டுவிடுகிறது என்பதைச் சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். இது இரண்டு வேறு சங்கதி. குடல் வேகமாகத் தள்ளுவது ஒன்று. ஆசனவாயைச் சுற்றி இருக்கிற சுருக்குத் தசை தளர்ந்து போவது இன்னொன்று. உனக்கு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள், கிழிந்து தையலும் போட்டார்கள். அந்தக் கிழிசல் தசை வரை போயிருந்தால் வருஷங்கள் கழித்தும் இப்படிக் காட்டும். மடைப்பலகை தளர்ந்திருந்தால் சேறு நிற்கும், தண்ணீர் நிற்காது. அவ்வளவுதான் உன் நிலைமை. அதனால் போகிறது கெட்டியாக வேண்டும், பலகையும் இறுக வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தீரும்.

தசையைப் பார்க்க ஸ்கேன் இருக்கிறது, அதன் அழுத்தத்தை அளக்கிற சோதனையும் இருக்கிறது. பிரசவ விவரத்தோடு போய் ‘மலம் கசிகிறது’ என்று அதே வார்த்தையில் சொல். ‘வயிறு சரியில்லை’ என்றால் வயிற்றுக்குத்தான் மாத்திரை எழுதுவார்கள். அதுவரை இதைச் செய்: கூட்டத்தில் வாயு வந்தால் எப்படி இறுக்கிப் பிடிப்பாயோ அப்படி ஐந்து விநாடி இறுக்கு, அவ்வளவு நேரமே விடு. பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. பிட்டத்தையும் தொடையையும் இறுக்காதே, மூச்சையும் பிடிக்காதே. மூன்று மாதம் போகாமல் பலன் தெரியாது. பத்து நாளில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறவள் நீ, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இனி சாப்பாடு. இதில்தான் உன்மேல் எனக்குக் கோபம். பயணத்துக்கு முந்தின நாளிலிருந்தே பட்டினி கிடக்கிறாயாமே. வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் தள்ளத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ளது. காலையில் அந்த வேகம் கூடுதல், உன் மாதிரி குடலுக்கு இன்னும் கூடுதல். ஒரு நாள் காய்ந்துவிட்டு, இறங்கினதும் பசியில் வாரி அள்ளினால் குடல் ஒரேயடியாகப் பாயும். நீ பயந்தது அப்போதுதான் நடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிடு. வெளியே போகிற அன்று காலை சீக்கிரமே சாப்பிட்டு, அரை மணி நேரம் வீட்டில் இரு. குடல் தன் வேலையை அங்கேயே முடிக்கட்டும், பிறகு கிளம்பு.

உனக்கு எது ஆகாது என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ‘ஃபாட்மேப்’ முறையைப் பற்றி டாக்டர் சொல்லியிருப்பார். உள்ளி (வெங்காயம்), பூண்டு, கோதுமை, பயறு, பால், சில பழங்கள் இவற்றில் இருக்கும் சர்க்கரைகள் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து, நீரை இழுத்து வாயுவையும் கிளப்பும். இரண்டிலிருந்து ஆறு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது படுத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறைய பேர் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். பத்திய உணவு நிபுணர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. ஆயுள் முழுக்க உள்ளி இல்லாமல் தீயல் வைக்க முடியுமா சொல்.

நம் ஊர் அடுக்களையில் உனக்கு ஒத்தது நிறைய உண்டு. சோறு, கஞ்சி, இட்லி எல்லாம் சாதுவானவை. அங்கே தினம் ராத்திரி சப்பாத்தி சாப்பிடுகிறாய், அதை முதலில் நிறுத்திப் பார். பூண்டு மணம் வேண்டுமென்றால் எண்ணெயில் முழுப் பல்லை வதக்கி, பூண்டை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளி. அந்தச் சர்க்கரை எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் இறங்கும். மிளகாய் வற்றலைக் குறைத்து நல்லமிளகு போடு. ஏத்தங்காயை (நேந்திரங்காயை) வேகவைத்துச் சாப்பிடு. கறுத்துக் கனிந்த பழத்தை விட்டுவிடு. நீ குழந்தையாக இருந்தபோது ஏத்தங்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோமே, அது வெறும் கிழவிப் பேச்சில்லை. வங்கதேசத்தில் நீடித்த வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சைக்காய் கொடுத்துப் பார்த்து, பலன் இருந்ததாக 2001-ல் எழுதினார்கள். காபியைப் பாதியாக்கு. ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய் தொடாதே. அதில் சார்பிட்டால் இருந்தால் பேதி மாத்திரைக்குச் சமம்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தளர்ந்து போகிறதையும் அது நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும். ஒரு சின்ன ஸ்பூனில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டு. தண்ணீரில் கலந்துதான் குடிக்க வேண்டும், வெறுமனே வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். பேதியை நிறுத்துகிற லோபராமைடு மாத்திரை பயணத்துக்கு உதவும், கிளம்புவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால். ஆனால் டாக்டர் சொன்ன அளவு மட்டும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கூடவே கூடாது, அளவு மீறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். ரத்தம், காரணமில்லாமல் மெலிவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி இதெல்லாம் வந்தால் ஐபிஎஸ் என்று சும்மா இருக்காதே, மறுபடி காட்டு.

அப்புறம் பாதுகாப்பு. மாதவிலக்கு நாப்கின் வைத்துச் சமாளிக்கிறாய் என்று நினைக்கிறேன். லேசாகப் படுகிற நாளுக்குச் சரி. ரயிலுக்கு ஜட்டி மாதிரி போட்டுக்கொள்கிற டயப்பர் வாங்கு. இடுப்பை அளந்துவிட்டுச் சைஸ் சொல். தொளதொளவென்று இருந்தால் தொடைப் பக்கம் வழியும், காசும் தண்டம். நனைந்ததோடு உட்கார்ந்திருக்காதே. தண்ணீரில் கழுவு, தேய்க்காமல் ஒற்றித் துடை. வாசனை போட்ட டிஷ்யூ வேண்டாம், எரியும். துத்தநாக ஆக்சைடு களிம்பு மெல்லிசாகப் பூசு. கெட்டியாக அப்பினால் டயப்பர் ஈரத்தை இழுக்காது. கைப்பையில் மாற்று ஒன்று, ஜிப் வைத்த கவர் இரண்டு, ஒரு கறுப்பு லெக்கிங்ஸ். ரயில் கக்கூஸுக்குள் போட்டுவிடாதே, இப்போது எல்லாம் பயோ டாய்லெட், அடைத்துக்கொள்ளும். சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடு.

ஐலண்ட் எக்ஸ்பிரஸில் பெட்டியின் கோடியில் எடு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 1, 4, 7 கீழ்ப் படுக்கை, கக்கூஸும் பக்கம். குழந்தையை மாப்பிள்ளையிடம் விடு. திருவனந்தபுரத்தில் இறங்கினால் அப்பா காரோடு நிற்பார், களியக்காவிளை முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். வழியில் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டால் நானும் கூட வருகிறேன், எனக்கு என்று சொல்லி நிறுத்தலாம்.

திருவோணத்தன்று இலையில் எல்லாம் விளம்புவேன், நீ சோறு, காளன், வெள்ளரிக்காய்க் கிச்சடி, இஞ்சிக்கறி கொஞ்சம் எடுத்துக்கொள். பருப்பும் சாம்பாரும் தொட்டுக்கொள்ள மட்டும். சக்கைப் பிரதமன் ஒரு ஸ்பூன் போதும், சித்தி எவ்வளவு வற்புறுத்தினாலும். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். பின்கட்டு அறையை உனக்கு ஒதுக்கியிருக்கிறேன், கக்கூஸ் அதோடு சேர்ந்தது, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

டயப்பர் இங்கேயே வாங்கி வைத்துவிடுவேன், இடுப்பளவை மட்டும் எழுது. டிக்கெட் எடுத்ததும் பெட்டி எண்ணையும் அனுப்பு.

உன்
அம்மை