அந்த அம்மாயிக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி

சோமனூர், கருமத்தம்பட்டி, அவிநாசிப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் விசைத்தறிக்கார நண்பர்களுக்கும் வணக்கம்.

டிப்ளமோ நர்சிங் முடித்த சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிற தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவேட்டில் என் பெயரும் ஏறிவிட்டது. பங்குனியில் என் படிப்பே தொங்கலில் நின்றபோது நாங்கள் இருந்த நிலைமை உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் வீடு தேடியே வந்து பார்த்தீர்கள். அதை மறுபடி எடுத்து எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. மனசு சூடாக இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறிய பிறகு நம் பக்கத்தில் எத்தனை தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, "டிப்ளமோ நர்சிங்குக்கு 35 வயது வரைக்கும் சேரலாம், இப்போது விட்டால் முடியாது" என்று சொல்லி விண்ணப்பத்தையும் வாங்கி வந்து கொடுத்த வாத்தியார். வகுப்பு நாள் போக சனி, ஞாயிறு இரவு ஷிப்டை எனக்கென்றே ஒதுக்கி வைத்த தறி ஓனர் அண்ணன். பரீட்சை நேரத்தில் என் தறியையும் சேர்த்து ஓட்டிவிட்டு, கூலியை என் கணக்கில் எழுதச் சொன்ன பக்கத்துத் தறி அக்கா. "அண்ணா, இதை இப்படிப் பிரிச்சுப் படிங்க" என்று ஆங்கில வார்த்தைகளைத் துண்டு துண்டாக்கிச் சொல்லிக் கொடுத்த, என்னில் பாதி வயதுகூட ஆகாத வகுப்புப் பிள்ளைகள். பணமாகவும் அரிசியாகவும் கொடுத்த மச்சான்மார்கள். எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் மூன்று வருடமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து வீட்டை நடத்திய என் மனைவிக்கு இந்த மடலில் சொல்லி முடியாது. அதை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இன்று அதிகம் எழுத வேண்டியது ஒரு அம்மாயியை, ஒரு பாட்டியைப் பற்றி. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. தான் செய்தது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்றும் அவருக்குத் தெரியாது. பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். நோயாளி வீட்டு விவரம் எங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் கட்டாயம்.

மூன்றாம் வருடத்தில் மகப்பேறு பாடம் வரும். ஆண் மாணவனுக்கும் அதே பாடம்தான், அதே ரெக்கார்டுதான். இத்தனை பிரசவம் கூட இருந்து பார்த்தேன், இத்தனை தாய்மாரைப் பிரசவத்துக்குப் பின் கவனித்தேன் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வார்டில் ஆண் பிள்ளையைக் கண்டாலே வெளியே நிற்கச் சொல்வார்கள். நான் அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. வலியில் கிடக்கிற பெண்ணின் கூச்சமும் பயமும்தான் முதலில், படிப்பெல்லாம் அதற்கு அப்புறம். இருந்தாலும் பக்கங்கள் காலியாகவே கிடந்தன, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே தலைப்பிரசவத்துக்கு வந்த பெண். பிரசவத்துக்கு வருகிறவரோடு துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அனுமதிப்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லிருந்தே உண்டு. துணைக்கு நின்றது இந்த அம்மாயி. கத்திக் கத்திப் பெண்ணுக்குக் குரலே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. அம்மாயிக்குப் புரியவில்லை, சிஸ்டர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது: தண்ணி கேட்கிறாள். தறிக் குடோனில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தே நூல் தீர்ந்ததா, டீ வந்ததா என்று எல்லாம் பேசிக்கொள்வோம். "சிஸ்டர், அவங்க தண்ணி கேக்கறாங்க, கொடுக்கலாமா?" என்று கதவோரத்திலிருந்தே கேட்டேன். ஒரு வாய் கொடுக்கச் சொன்னார். அம்மாயி டம்ளரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பார்த்துவிட்டு அவர் முதலில் சிஸ்டரிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. பேத்தியின் காதருகே குனிந்தார். "ஏங் கண்ணு, இந்தத் தம்பி நர்சுக்குப் படிக்கறானாட்ட இருக்குது. உள்ள நிக்கட்டுமா? உனக்குப் புடிக்கலீன்னா சொல்லு, அனுப்பிப் போடலாம்." அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அப்புறம்தான் அம்மாயி நிமிர்ந்தார். "ஏனுங் சிஸ்டரு, எங்க அம்மிணி சரின்னுட்டா. இந்தத் தம்பியும் படிக்கத்தானுங்களே வந்திருக்கறான்." என்னிடம், "தலைமாட்டுல நில்லு சாமி. அவ மொகத்தையே பாத்துக்க, அவ சொல்றத நீ எங்களுக்குச் சொல்லு" என்றார்.

தலைமாட்டில்தான் நின்றேன். அவள் உதடு சொன்னதை எல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். குழந்தை பிறந்தது. ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசியைத் தொடையில் போட்டு, தொப்புள்கொடித் துடிப்பு நிற்கும்வரை காத்திருந்து கிளிப் போடுவதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு சிஸ்டர் அந்தப் பெண்ணிடம் மறுபடி கேட்டுவிட்டு, என் கையைத் தொப்புளுக்குக் கீழே வைக்கச் சொன்னார். கர்ப்பப்பை சுருங்கிக் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் உதிரப்போக்கு தொடங்கிவிடும். தறியில் பாவு நூல் தொய்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்த விரல்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "கெட்டியா இருக்குதுங்க சிஸ்டர்" என்றேன். அவரும் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ரெக்கார்டில் முதல் கையெழுத்து அன்றைக்கு விழுந்தது.

அம்மாயி அதோடும் விடவில்லை. வார்டில் இருந்தவரைக்கும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். யாரிடமும் வற்புறுத்தவில்லை. "நம்ம தறிக்காரப் பையன்தான், நல்லாப் பாக்கறான், உங்க புள்ளையக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னதாகப் பிற்பாடு ஒரு தாய் சொல்லித் தெரிந்துகொண்டேன். வேண்டாம் என்றவர்களும் உண்டு, சம்மதித்தவர்கள் அதைவிட அதிகம். சிஸ்டரும் தானாகக் கூப்பிட ஆரம்பித்தார். பக்கங்கள் நிரம்பின. பங்குனியில் என் படிப்பு தொங்கலில் நின்றதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

"ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அதே ஊரில் வளர்ந்தவன்தான். ஆனால் அந்த அம்மாயி எனக்காகப் பேசியதைவிட, பேசுவதற்கு முன்னால் பேத்தியைக் கேட்டாரே, அதுதான் என் மனதில் தங்கிவிட்டது. சம்மதம் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது, பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அவ்வளவு வலிக்கு நடுவிலும், அவ்வளவு அவசரத்திலும் கேட்க முடியும் என்று காட்டியது அவர்தான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர் என்று பிறகு சொன்னார்.

அடுத்த மாதம் வேலையில் சேருகிறேன். கிழவரோ குழந்தையோ, நினைவோடு இருக்கிறவரோ இல்லாதவரோ, யார் உடம்பைத் தொடும் முன்பும் சொல்லிவிட்டுத்தான், கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். கதவோரத்தில் ரெக்கார்டு நோட்டோடு ஒரு பையன் நின்றால், உள்ளே இருக்கிற தாயிடம் அவனுக்காக நானே போய்க் கேட்பேன்.

அப்புறம், தறிக் குடோனில் 35-ஐத் தாண்டாத தம்பிகள் யாராவது இந்தப் படிப்பை யோசித்தால் தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். மூன்று வருடப் புத்தகமும் நோட்டும் பத்திரமாக இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். இங்கிலீஷ்தான் பயம் என்றால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்தே படிக்கலாம்.