எதிர் வீட்டுக்காரர்

பால்டிமோர், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? "கறுப்பர்கள் இருக்கிற தெருவா, ஜாக்கிரதையா இருப்பா" என்று போனில் சொன்னீர்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மேல் அவர்கள்தான் அப்பா. எங்கள் தெருவில் பயந்து நடப்பவர் நான் இல்லை, கறுப்பரான எதிர் வீட்டுக்காரர்தான்.

அவர் ஆடிட்டர். மனைவி பள்ளித் தலைமை ஆசிரியை. என்னைவிட வசதியானவர்கள். ஆனால் விடிகாலையில் நடக்கப் போனால் நாயைப் பிடித்துக்கொண்டுதான் போவார். நாய் கூட இருந்தால் தெருவில் குடியிருப்பவர் என்று தெரியுமாம். தனியாகப் போனால் யாராவது போலீஸைக் கூப்பிட்டுவிடலாம். கடையில் ஒரு பேட்டரி வாங்கினாலும் பில்லைக் கையிலேயே பிடித்திருப்பார். பையனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் முன்பே, போலீஸ் நிறுத்தினால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாராம்.

அதை நானே ஒருநாள் பார்த்தேன். ராத்திரி அவர் காரில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் போலீஸ் விளக்கு. ஓரங்கட்டினார். பாட்டை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டார். "போனை எடுக்காதீர்கள்" என்றார் என்னிடம். லைசென்ஸ் கேட்டதும், "கோட்டின் உள்பையில் இருக்கிறது, வலது கையால் எடுக்கப்போகிறேன், சரியா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை அசைத்தார். அந்தப் போலீஸ்காரனுக்கு இவருடைய வயதில் பாதிகூட இருக்காது. நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லையாம், எச்சரித்து அனுப்பினான். வீட்டுக்கு வந்து பார்த்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. அவரோ வழியெல்லாம் கூரை ரிப்பேருக்கு ஆள் பிடிப்பது பற்றி, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நன்றாகப் படித்து வேலைக்குப் போனால் மரியாதை தானாக வரும் என்பீர்கள். கறுப்பரான ஹார்வர்ட் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், 2009-இல் வெளிநாடு போய்த் திரும்பியபோது வீட்டுக் கதவு சிக்கிக்கொண்டது. தள்ளித் திறந்ததைப் பார்த்தவர் போலீஸுக்குச் சொல்ல, கடைசியில் அவர் வீட்டு வாசலிலேயே அவருக்கு விலங்கு மாட்டினார்கள். வழக்கு அப்புறம் கைவிடப்பட்டது. டிம் ஸ்காட் என்ற கறுப்பின செனட்டர், ஒரே வருடத்தில் ஏழு தடவை போலீஸ் தன்னை நிறுத்தியதாக 2016-இல் செனட் சபையிலேயே சொன்னார்.

வீட்டு விலை கதை இன்னும் மோசம். இதே பால்டிமோரில் நேத்தன் கனொலி என்ற பேராசிரியரும் மனைவியும் 2021-இல் கடனுக்காக வீட்டை மதிப்பிடச் சொன்னார்கள். 4,72,000 டாலர் என்றார்கள். குடும்பப் போட்டோக்களை எடுத்துவிட்டு, வெள்ளைக்கார நண்பர் ஒருவரை வீட்டுக்காரராக நிற்கவைத்து, வேறு ஆளை வைத்து மதிப்பிட்டால் 7,50,000! வழக்குப் போட்டார்கள். 1930-களில் அரசு நிறுவனமே கறுப்பர் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. 1968-இல் வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைச் சட்டம் தடுத்தது. கனொலி ஆராய்ச்சி செய்வதே இந்த வரலாற்றைத்தான். எதிர் வீட்டிலும் மதிப்பிட ஆள் வருகிற நாளில் கல்யாணப் போட்டோவெல்லாம் எங்கள் கராஜில்தான் இருந்தது.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வீடு தேடும்போது "அந்தப் பக்கம் வேண்டாம்" என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாம் தமிழர்கள். இந்தக் கறுப்பர்கள் உரிமை கேட்டுப் போராடிய அலையில்தான் 1965-இல் குடியேற்றச் சட்டமும் மாறி, நமக்கு இங்கே கதவு திறந்தது. உங்கள் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த அதிகாரிக்கு, என்ன சாதி என்று கேட்டுவிட்டு யாருமே வாடகைக்கு வீடு தரவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மே மாதம் நீங்கள் வரும்போது ஒருநாள் அவர் வீட்டில் சாப்பாடு. சைவம் சமைக்கத் தெரியும் என்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. அம்மாவைப் பருப்புப்பொடி கொஞ்சம் கூடுதலாக எடுத்துவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமார்