காப்பகத்துக்குத் தரும் உதவி வீட்டுக்கும் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் நினைவு நாள் என்று குடும்ப நாட்களை முன்னிட்டுக் குழந்தைகள் காப்பகங்களில் உணவு வழங்கும் வழக்கம் நம் ஊர்களில் நன்றாக வேரூன்றிவிட்டது. அதைச் செய்பவர்களின் நல்ல மனத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பின், காப்பகப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தந்து வருபவள் என்ற முறையில், அந்த உதவி சென்று சேர வேண்டிய இன்னோர் இடத்தைத் தங்கள் வாசகர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்தக் குழந்தை விட்டு வந்த வீடுதான் அது.

காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் தாய் தந்தையற்றவர்கள் என்று நன்கொடையாளர்களில் பலர் நம்புகிறார்கள். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்காக நாடு முழுவதும் 9,589 இல்லங்களில் எடுக்கப்பட்டு 2018-இல் வெளியான கணக்கெடுப்பு வேறு உண்மையைச் சொல்கிறது. அந்த இல்லங்களில் இருந்த சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் குழந்தைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ 41,700 பேர் மட்டுமே. தாய் அல்லது தந்தை என ஒருவர் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். மாநிலங்களில் அதிக இல்லங்கள் இருந்தது தமிழ்நாட்டில். அநாதைப் பிள்ளைகள் என்று நினைத்து நாம் சோறு பரிமாறும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எங்கோ ஒரு தாயோ தந்தையோ இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

அப்படி ஒரு தாய் ஏன் பிள்ளையை விட்டாள் என்ற கேள்விக்குத் திருப்பூரில் விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேனியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ பிழைப்புக்காக வந்து, லைன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, கணவனும் மனைவியுமாகப் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் கணவன் இறந்துவிடுகிறான், அல்லது குடியால் ஒடுங்கிவிடுகிறான், அல்லது ஒருநாள் போனவன் திரும்பாமலே போகிறான். அவள் ஒருத்தியின் சம்பளத்தில் வாடகையும் வட்டியும் போக மிச்சம் வேண்டுமென்றால் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாக வேண்டும். அதாவது காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். பள்ளி நான்கேகால் மணிக்கு விட்டுவிடுகிறது. நான்கேகாலுக்கும் எட்டரைக்கும் இடையே, கதவுக்குக் கதவு முகம் தெரியாதவர்கள் குடியிருக்கும் அந்த வரிசையில், பத்து வயதுப் பெண் குழந்தையைத் தனியே விட்டுவைக்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது யாரோ ஒருவர் ஒரு காப்பகத்தின் பெயரைச் சொல்கிறார். சோறு, சீருடை, படுக்கை, வெளியே போகாதபடி பூட்டிய கேட் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவள் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறாள். பிள்ளை மேல் அன்பில்லாமல் விட்டவள் அல்லள் அவள். பிள்ளையின் பாதுகாப்புக்குத் தன்னிடம் வேறு வழியில்லாமல் விட்டவள்.

பசிதான் காரணமென்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் உணவையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. மதிய உணவும் முட்டையும் பள்ளியில் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காலை வேளையும் நிறைகிறது. இவ்வளவு இருந்தும் குடும்பம் உடைகிறதென்றால், உடைப்பது ஒரு வேளைச் சோற்றின் குறை அன்று. மருத்துவமனைச் செலவுக்கு வாங்கிய கடன், மூன்று மாத வாடகை நிலுவை, மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலை, அடிக்கும் கணவனிடமிருந்து தப்பித்து வந்தவளுக்குத் தங்க இடமில்லாத நிலை ஆகியவையே உடைக்கின்றன. இவற்றில் எதையும் பிறந்தநாள் பிரியாணி தீர்ப்பதில்லை. அந்த நாளில் பிள்ளைகள் குளித்து, வரிசையாக உட்கார்ந்து, விருந்தினர் வரும்வரை இலையைத் தொடாமல் காத்திருந்து, முன்பின் அறியாத ஒரு குழந்தைக்காகக் கைதட்டிப் பாடி, கைப்பேசிப் படத்துக்கு முகம் காட்டுவதைப் பார்க்கும்போது, கொடுப்பவர்கள் சற்றே யோசித்தால் இதைத் தவிர்க்கலாமே என்று மனம் வருந்துகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்றும், நிறுவனத்தில் சேர்ப்பது மற்ற எல்லா வழிகளையும் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய கடைசி முடிவு என்றும் அடிப்படைக் கொள்கையாக வகுத்திருக்கிறது. பெற்றோரே நேரில் கொண்டுவந்து விட்டாலும், மாவட்ட அளவில் இச்சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில்லாமல் ஒரு காப்பகம் தன் விருப்பத்துக்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நடைமுறையில் முதல் வழியாகக் காப்பகமே கையில் கிடைக்கிறது; மற்ற வழிகள் எங்கே இருக்கின்றன என்று அந்தத் தாய்க்குச் சொல்ல யாருமில்லை.

அதற்காகப் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2020 செப்டம்பரில், பெருந்தொற்றுக் காலத்தின் நடுவே, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட 8 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, காப்பகக் குழந்தைகளை 100 நாட்களுக்குள் குடும்பங்களிடம் சேர்க்கும்படி கேட்டது. கொள்கை சரிதான். ஆனால் வேலையிழந்து வாடகை கட்ட முடியாமல் தவித்த வீடுகளுக்கு, எந்த ஏற்பாடும் இல்லாமல், நாள் குறித்துப் பிள்ளைகளை அனுப்புவது எப்படிப் பாதுகாப்பாகும்? வீட்டிலேயே வன்முறைக்கு ஆளான குழந்தை, உறவென்று சொல்ல யாருமில்லாத குழந்தை, சிறப்புப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தை ஆகியோருக்கு நல்ல இல்லம் இன்றும் தேவை. அத்தகைய இல்லங்களை நடத்துபவர்களில் தம் வாழ்நாளையே கொடுத்தவர்களை நான் அறிவேன். அவர்களுடைய சுமையைக் குறைக்கவேனும், வறுமை ஒன்றின் பொருட்டு மட்டுமே பிள்ளைகள் அங்கே வந்து சேர்வதைத் தடுத்தாக வேண்டும்.

அரசிடம் திட்டங்கள் இல்லாமலில்லை. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் கீழ், கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் தம் குழந்தையைத் தம்மிடமே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்னும் அரசு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான ஆண்டு வருமான வரம்பு ஊரகத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். கம்பெனியில் மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் தாய், அதில் பாதியை வாடகைக்குக் கொடுத்தாலும், இந்த வரம்பைத் தாண்டியவளாகிவிடுகிறாள். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது உரியது. ஆதரவற்ற கைம்பெண்களுக்கான மாத உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கணவன் இறக்கவில்லை, விட்டுப் போய்விட்டான் என்ற நிலையில் இருக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை மிகவும் திண்டாடுபவர்கள் இவர்களே. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை பெற, சட்டப்படி பிரிந்ததற்கான சான்று வேண்டும். இல்லையென்றால் கைவிடப்பட்டு 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். வயதும் 30-ஐ எட்டியிருக்க வேண்டும். இருபத்து நான்கு வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவள் அதுவரை என்ன செய்வாள்? குடும்ப அட்டை கணவன் பெயரில் மாமியார் வீட்டில் இருக்கிறது. முகவரி சொந்த மாவட்டத்தில் இருக்கிறது. சான்றிதழுக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த வாரச் சம்பளத்தில் ஒரு நாள் குறைகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நாள், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு நாள், வங்கியில் ஒரு நாள் என்று அலைந்து பாதியிலேயே விட்டவர்கள் பலர். இந்த அலைச்சலில் அவளோடு கூடப் போகவும், மனுவை எழுதிக் கொடுக்கவும், அன்றைய கூலியை ஈடுகட்டவும் ஒருவர் இருந்தால், அதைவிடப் பெரிய தொண்டு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணில் இந்தத் தொண்டைத் தொடங்கி வைத்தவர்களின் நோக்கமும் இதுவாகத்தான் இருந்தது. சிறு வயதிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி, 1912-இல் சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கியபோது, அவர்களுக்குச் சோறு போட்டுக் காலமெல்லாம் காவலில் வைத்திருக்க நினைக்கவில்லை. பின்னாளில் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கிய அந்த இல்லத்தின் பெண்கள் படித்து, ஆசிரியைகளாகி, சம்பளம் வாங்கித் தம் காலில் நின்றார்கள். தேவதாசி முறையிலிருந்து விடுபட நினைத்துத் தம் வாசலுக்கு வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அதுவே அவ்வை இல்லமாயிற்று. அங்கும் படிப்பும் கைத்தொழிலுமே முதன்மையாக இருந்தன. போக்கிடமே இல்லாதவர்களுக்கு இடம் கொடுத்து, பிறகு அவர்களை யாரையும் அண்டி நிற்காதவர்களாக ஆக்கி அனுப்புவதையே அவர்கள் தொண்டு என்று கருதினார்கள்.

ஆகவே நன்கொடை தருபவர்களிடம் என் வேண்டுகோள் இது. காப்பகத்துக்குக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன், இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பெற்ற பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாமல் நடத்துவது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதத்துக்கோ உரிய குற்றம். நல்ல நிர்வாகிகள் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: சென்ற ஆண்டில் எத்தனை பிள்ளைகள் தாயிடம் திரும்பிப் போனார்கள், போன பிறகு அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள்? விருந்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை, அப்படித் திரும்பும் ஒரு குழந்தையின் வீட்டு வாடகை முன்பணத்துக்கோ, தாய்க்கு ஒரு தையல் இயந்திரத்துக்கோ, பேருந்துச் செலவுக்கோ பயன்படுத்தச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பனியன் கம்பெனி நடத்தும் அன்பர்களால் இதைவிடவும் செய்ய முடியும். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே, பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு ஒன்பது மணி வரை பிள்ளைகள் பாதுகாப்பாக உட்கார்ந்து படிக்க ஓர் அறை, ஒரு பெண் பொறுப்பாளர், சுண்டல், குடிநீர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தால், ஜூன் மாதத்தில் காப்பக வாசலுக்கு வரும் தாய்மாரின் எண்ணிக்கை நிச்சயம் குறையும்.

மாநில அரசு, கைவிடப்பட்ட பெண்களுக்கான 5 ஆண்டு நிபந்தனையையும் வயது வரம்பையும், குழந்தையோடு இருப்பவர்களுக்காவது நீக்கிவிட வேண்டும். நிதி ஆதரவுக்கான வருமான வரம்பை நகர வாடகையைக் கணக்கில் கொண்டு உயர்த்துமாறு மத்திய அரசையும் அது வற்புறுத்த வேண்டும். தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். காப்பகங்களில் நடக்கும் அன்னதானச் செய்திகளை வெளியிடும்போது, அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முகவரியையும், குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய இலவச உதவி எண்களையும் அருகிலேயே அச்சிட்டால், பிள்ளையை எங்கே விடுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் கண்ணில் அது படக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
திருப்பூர்.