எம்ஐபிஜி ஸ்கேனும் சளி மருந்தும்: குடும்ப மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

புளோக்குக்குக் கீழே கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கும், பலதுறை மருந்தகங்களிலும் மருந்துக் கடைகளிலும் பணியாற்றும் மருந்தாளர்களுக்கும் வணக்கம்.

நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய் உள்ள பிள்ளைக்கு மூக்கடைத்தால் பெற்றோர் முதலில் உங்களிடம்தான் வருவார்கள். மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த சிரப்பை எடுத்துக் கொடுக்கும் முன் தயவுசெய்து கேளுங்கள்: "பிள்ளைக்கு எம்ஐபிஜி ஸ்கேன் வருதா?" இந்தப் புற்று உடலில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன் அது.

இந்தப் புற்று பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் தொடங்கும். அதன் செல்கள் நோரடிரினலின் என்ற ஹார்மோனை உள்ளே இழுப்பவை. ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் எம்ஐபிஜி மருந்தும் அதே சாயலில் இருப்பதால் அதே வாசல் வழியாகப் போகிறது. அதோடு சேர்ந்த கதிரியக்க அயோடின்-123 விடும் காமா கதிரைக் கேமரா பிடிக்கிறது.

சூடோஎஃபெட்ரின், லபெட்டலால் என்ற ரத்த அழுத்த மருந்து, ட்ரைசைக்ளிக் மனச்சோர்வு மருந்துகள், சில மூக்குச் சொட்டு மருந்துகள் எல்லாமே அந்த உள்ளிழுப்பைக் கெடுக்கும். கட்டி இருக்கும், படத்தில் மங்கிவிடும். பத்தில் ஒரு நியூரோபிளாஸ்டோமா இயல்பிலேயே எம்ஐபிஜியை ஏற்காது என்பதால், படத்தில் கட்டி தெரியாவிட்டால் அது கட்டியின் குணமா, மருந்தின் வேலையா என்று பார்த்துச் சொல்லவே முடியாது. கீமோவுக்குப் பிறகு எடுத்த படமென்றால் இன்னும் மோசம். உடலை 10 பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கியூரி மதிப்பெண் போடுவோம்; நோய் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். மங்கிப்போன எலும்புப் புள்ளி 0 வாங்கிவிட்டால், நோய் பின்வாங்குவதாகவே எல்லோரும் நம்பிவிடுவோம்.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். லபெட்டலால் சாப்பிடும் பிள்ளைக்கு மட்டும் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம் எகிறலாம். புற்றுநோய் மருத்துவரே மாற்று மருந்து சொல்லட்டும்.

எம்ஐபிஜி ஊசிக்கு முன்பே தொடங்கும் அயோடைடு மருந்தைப் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். எம்ஐபிஜியிலிருந்து பிரிந்துவரும் கதிரியக்க அயோடினைத் தைராய்டு இழுத்துக்கொள்ளாமல் காப்பது அதுதான். இறால் ஒவ்வாமை இருக்கிறதென்று அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த ஒவ்வாமை இறாலின் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. கசப்பால் பிள்ளை வாந்தியெடுத்துவிட்டால், பெற்றோரை ஸ்கேன் பிரிவுக்கு உடனே போன் போடச் சொல்லுங்கள்.

அயோடின்-123 சுமார் 13 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அந்தப் பிள்ளைக்கென்றே தருவித்த மருந்தை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. முதல் நாள் ஊசி, மறுநாள் படம். ஆகவே சளி மருந்து ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், அதன் பெயரையும் கடைசியாகக் கொடுத்த நேரத்தையும் பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் எழுதி, அன்றே எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். ஊசிக்கு முன்னால் தெரிந்தால் ஸ்கேன் தேதியை மாற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கு எம்ஐபிஜி ஸ்கேன் எடுக்கும் அணு மருத்துவப் பணியாளர்கள்