உள்ளே போகக் காசில்லை

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஆற்காட்டானுக்கு,

போனில் பேசியதற்குக் கடிதத்தில் பதிலா என்று சிரிக்காதே. போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே? "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டு நிம்மதியா தூங்குடா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து இருந்த தூக்கமும் போச்சு.

முதலில் சேதி. நாம் எடுத்த பாரதக் கூத்தின் ஒரு மணி நேர வீடியோ கேசட்டுகள் 42-ஐயும் கம்ப்யூட்டருக்கு மாற்றியாகிவிட்டது. மணிக்கு 13 ஜிபி வீதம் மொத்தம் 550 ஜிபி பக்கம். இரண்டு கேசட்டில் பூஞ்சை. துரியோதனன் விழுகிற படுகளம் நன்றாக வந்திருக்கிறது. அந்த வேஷம் கட்டிய வாத்தியாரும் இன்று இல்லை, முகவீணைக்காரரும் இல்லை. விடியும் நேரத்தில் படம் மெல்லச் சாய்ந்து வானத்தைக் காட்டுகிறது. நீ டிரைபாடைப் பிடித்தபடி தூங்கிய இடம் அது!

இனி உன் கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக அடுத்தவன் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பது. அமேசானில் 'கிளேசியர் டீப் ஆர்க்கைவ்' என்று ஒன்று, தொடாமல் போட்டு வைக்கிற சரக்குக்கான கிடங்கு. அமெரிக்க விலைப்படி ஒரு டிபிக்கு, அதாவது ஆயிரம் ஜிபிக்கு, மாதம் ஒரு டாலர்தான். நமக்கு அதில் பாதி. கேட்டவுடனே வாயைப் பிளந்தேன். அப்புறம் சின்ன எழுத்தைப் படித்தேன். கேட்ட பொருள் கைக்கு வர 12 மணி நேரம், மலிவாக வேண்டுமானால் 48 மணி நேரம். மொத்தத்தையும் இறக்கினால் 40 டாலருக்கு மேல் ஆகும். உள்ளே போகக் காசில்லை, வெளியே வரத்தான் காசு. எந்தச் சத்திரத்தில் இப்படிக் கேட்டிருக்கிறாய்?

பொருள் தொலையாது என்பதற்கு 99.999999999 சதவீதம் என்று எழுதியிருக்கிறான். நம்புகிறேன். ஆனால் அது அவன் டிஸ்க்குக்குப் போட்ட கணக்கு. என் கார்டு காலாவதியாவதும், நான் மண்டையைப் போடுவதும் அந்தக் கணக்கில் வராது. கூகுளிலோ இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழித்துவிடலாம் என்பதே விதி. 2013-ல் நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் கம்பெனி கடையைக் கட்டியபோது, சரக்கை எடுத்துப் போக முதலில் கொடுத்த கெடு இரண்டு வாரம்.

ஆகவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் ஹார்ட் டிஸ்க் ஒன்று போன வருஷம் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு செத்தது உனக்குத் தெரியும். ஒரு பிரதி என் பீரோவில், ஒன்று உன் வீட்டில் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது ஞாபகம் வந்தது. நான் இந்தக் கரை, நீ அந்தக் கரை, ஆறு ஒன்றுதானே? அதனால் மூன்றாவது பிரதி கிளவுடில். நாலு ராத்திரியில் ஏற்றிவிடலாம்.

போன வாரம் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன். பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே கல்யாணம் செய்வது என்று படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள் 1425-ல் செய்த ஒப்பந்தம் அங்கே கல்வெட்டாக இருக்கிறது. கல்லுக்கு மாதச் சந்தா கிடையாது. ஆனால் எனக்கு அதில் ஒரு வரி ஓடவில்லை. கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-ல் அச்சேற்றிய புத்தகம் இருப்பதால்தான் அதன் விஷயமே தெரியும். பொருள் இருந்தும் படிக்க முடியாமல் போகக்கூடாதே என்று, வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கேசட்டுக்கும் பரவலாக ஓடுகிற எம்பி4 வடிவத்தில் இன்னொரு நகல் எடுக்க ஆரம்பித்தேன். மூலத்தையும் வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்ட், கட்டணத் தேதி, ஃபைல் கெடவில்லை என்று சரிபார்க்கிற செக்சம் எண்கள் எல்லாம் பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். மகளிடமும் சொல்லியாகிவிட்டது. "சரிப்பா" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உன் டிஸ்க் தயார். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துப் போ. வெறும் கையோடு வராதே, மக்கன் பேடா அரைக் கிலோ.

உன்,
காட்பாடியான்