உண்ணிக் கிருமிகளை ஆய்வகத்தில் வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,

உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயைத் தரும் பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் கட்டுரை எழுதுகிறீர்கள். அதில் பல நேரம் "வழக்கமான முறையில் வளர்க்கப்பட்டது" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறீர்கள். எத்தனை டிகிரியில் வளர்த்தீர்கள்? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரே மூலத்திலிருந்து இரண்டு குழாய்களில் விதைத்திருக்கிறேன். 35 டிகிரியில் வைத்தது சில நாளில் திரண்டுவிட்டது. 23 டிகிரிக் குழாய்க்கு வாரக்கணக்கில் காத்திருந்தேன். நுண்ணோக்கியில் இரண்டிலும் அதே சுருள் இழைகள்தான், அதே நெளிவுதான். ஆனால் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டிச் சாயம் ஏற்றியதும் வேறுபாடு தெரிந்தது. சூட்டில் வளர்ந்ததில் 22 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் தடிமனாக ஒரு நீலப் பட்டை. மற்றதில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமை.

அந்தப் பட்டைதான் ஓஸ்ப்-சி, கிருமியின் வெளிப்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். பசியோடு புல்லில் காத்திருக்கும் உண்ணியின் குடலில் இந்தக் கிருமி ஓஸ்ப்-ஏ என்ற இன்னொரு வெளிப்பரப்புப் புரதத்தைப் போர்த்திக்கொண்டு ஒட்டிக் கிடக்கிறது. உண்ணி ஒரு எலியையோ மனிதரையோ கடித்து ரத்தம் குடிக்கும்போது வெதுவெதுப்பு உள்ளே போகிறது. அப்போது ஓஸ்ப்-ஏ குறைகிறது, ஓஸ்ப்-சி கூடுகிறது, கிருமி உமிழ்நீர்ச் சுரப்பியை நோக்கிக் கிளம்புகிறது. 24 டிகிரியில் வராத ஓஸ்ப்-சி, 32 முதல் 37 டிகிரிக்குள் வருவதை மொன்டானாவின் ராக்கி மலை ஆய்வகத்தார் 1995-லேயே காட்டிவிட்டார்கள். சூடு மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. கிருமி வளரும் ஊட்டக் கரைசலின் அமிலத்தன்மை, கிருமிகளின் நெருக்கம், ரத்தத்திலிருந்து வருபவை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் அவற்றையும் எழுதச் சொல்கிறேன்.

இது வெறும் ஆய்வக நுணுக்கம் என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைம் தடுப்பூசி ஓஸ்ப்-ஏவைக் குறிவைத்தது. ஊசி போட்டவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை உண்ணி உறிஞ்சும்போது, கிருமி உண்ணியின் குடலிலேயே மடியும். கிருமி எந்த இடத்தில் எந்தப் புரதத்தோடு இருக்கிறது என்பதை வைத்தே அந்தத் தடுப்பூசி வேலை செய்தது. அந்த ஊசி 2002-ல் சந்தையை விட்டுப் போய்விட்டது. நோய் போகவில்லை. அப்புறம், நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைகளையும் பாருங்கள். தொற்றின் தொடக்கத்தில் நம் உடல் முதலில் எதிர்ப்பது பெரும்பாலும் ஓஸ்ப்-சியைத்தான். குளிரில் வளர்த்த கிருமியின் சாறை வைத்து அந்த எதிர்ப்பொருளைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பொரேலியா மட்டும் இப்படி இல்லை. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலைத் தரும் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவும், பட்டினி கிடக்கும் உண்ணிக்குள் வீரியம் இழந்திருந்து, கதகதப்போ ரத்தமோ கிடைத்ததும் மீள்வதை 1920-களிலேயே பார்த்திருக்கிறார்கள். நூறாண்டுப் பழைய செய்தி!

உங்களிடம் கேட்பது இரண்டுதான். புரதங்களைப் பற்றிப் பேசும் கட்டுரை என்றால் 23 டிகிரியிலும் ஒரு குழாய் வையுங்கள், தாமதமானாலும் சரி. வெப்பநிலை, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு), அறுவடை செய்தபோதிருந்த கிருமி எண்ணிக்கை மூன்றையும் செய்முறைப் பகுதியிலேயே எழுதுங்கள். மற்றவர் கட்டுரை மதிப்பீட்டுக்கு வரும்போது, அந்த வரி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இந்தக் கிருமியை வளர்க்கும் ஒருவர்