உரிமத் துப்பாக்கி பன்றியை விரட்டத்தான்

ஆசிரியருக்கு,

மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் 'விவசாயிக்குத் துப்பாக்கி கொடு' என்ற குரல் எழுவது நியாயம்தான். சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்றே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, அதாவது குழல் வாய் வழியே வெடிமருந்தைத் திணித்து வெடிக்கும் துப்பாக்கிக்கு, உரிமம் வழங்கச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. 2025 ஜனவரி அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். ஆகவே விவசாயி கையிலுள்ள துப்பாக்கியின் வேலை, ரவை (சிறு குண்டு) போடாமல் மருந்தும் அதை இறுக்கும் அடைப்பும் மட்டும் வைத்து வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டுவதுதான். யானை நிற்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். மிரண்ட யானை சத்தம் வந்த திசைக்கே திரும்பலாம்.

விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புக் குறைதான். மூலையில் சாத்திய குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். பார்க்காமல் வெடித்தால் குழலே பிளக்கும். கெட்டித்ததை மறந்து மீண்டும் கெட்டித்தாலும் அதே கதிதான். இதற்கு எளிய வழி உண்டு: குழல் காலியாக இருக்கும்போது கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும், கெட்டித்த பின் இன்னொரு கோடு. பிறகு கோலை விட்டுப் பார்த்தாலே குழலின் நிலை தெரியும். குதிரை (விசையை அழுத்தினால் அடிக்கும் சுத்தி) அடித்தும் வெடிக்காவிட்டால் வாயை எட்டிப் பார்க்கவே கூடாது. ஒரு நிமிடமாவது ஆளில்லாத பக்கம் நீட்டியபடி பிடித்திருக்க வேண்டும். ஈரம் குடித்த மருந்து தாமதித்தும் வெடிக்கும். கரிமருந்துக் கசடு இரும்பைச் சீக்கிரம் அரிப்பதால் வெடித்த அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். அடைப்பு தணலோடு பறந்து விழும் என்பதால் காய்ந்த சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் வெடிக்காதீர்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி வனத்துறையிலும் பெயரைப் பதிய வேண்டும். அங்கே புது உரிமத்துக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவும் தேவை. சத்தியமங்கலம் சரணாலயத்தை ஒட்டியவர்களுக்கு இது பழைய விதி. 2024இல் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின் அந்தியூர், பர்கூர் பக்கத்தவர்களுக்கும் பொருந்துகிறது. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் ஒரே நாளில் ஊராட்சி அலுவலகத்திலேயே முகாம் போட்டு, பதிவு, புதுப்பித்தல், துப்பாக்கிச் சோதனை மூன்றையும் மக்காச்சோள விதைப்புக்கு முன்பே முடித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்